சாயங்காலம் நாலரை மணிக்கு வீட்டுப் பூட்டைத் திறக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு

பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் அன்புள்ள அக்காமார்களே, அண்ணன்மார்களே,

நான் திருப்பூரில் ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை. என் வகுப்பில் உட்காரும் பிள்ளைகள் பலருடைய வீட்டில் அப்பா, அம்மா இருவருமே கம்பெனிக்குப் போகிறவர்கள். யார் கட்டிங், யார் ஓவர்லாக், யார் செக்கிங், யார் அயர்ன் என்பதெல்லாம் பிள்ளைகள் சொல்லியே எனக்குத் தெரியும். காலை எட்டரைக்கு உள்ளே போனால் ஒரு ஷிப்ட் முடிய மாலை ஐந்தரை ஆகிறது. அவசர ஆர்டர் என்றால் ஒன்றரை ஷிப்ட்; வீடு வந்து சேர இரவு ஒன்பது. பள்ளிக்கூடம் விடுவதோ நாலு பத்துக்கு. "பெத்ததோட சரிங்க டீச்சர், பக்கத்துல உக்காந்து ஒரு வார்த்தை பேச முடியறதில்ல" என்று பெற்றோர் கூட்டத்தில் கண்கலங்கிய அம்மாக்கள் இருக்கிறார்கள். பின்னால் பத்துப் பேர் கையெழுத்துப் போடக் காத்திருக்கும்போது அவர்களுக்கு விரிவாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் வீட்டில் இருக்கும் நேரம் குறைவு என்பதற்காக உங்கள் பிள்ளையின் மனசு உடைந்துபோய்விடாது. நாள் தவறாமல், அதே நேரத்தில், அதே விதமாக வருகிற ஒரு சின்ன வழக்கம் இருந்தால் பிள்ளை அதைப் பிடித்துக்கொள்ளும். குடும்ப வழக்கங்களைப் பற்றி ஐம்பது ஆண்டுகளில் வந்த ஆய்வுகளை அமெரிக்க உளவியலாளர் பார்பரா ஃபீஸ் தம் குழுவினரோடு சேர்ந்து தொகுத்து 2002-இல் வெளியிட்டார். சாப்பிடும் நேரம், படுக்கும் நேரம் போன்ற அன்றாட வழக்கங்கள் நிலையாக இருக்கும் வீடுகளில் பிள்ளைகள் மனசளவில் நன்றாக இருக்கிறார்கள், பெற்றோருக்கும் தங்களால் பிள்ளை வளர்க்க முடியும் என்ற நம்பிக்கை இருக்கிறது என்பதை அந்தத் தொகுப்பு காட்டியது. வகுப்பறையில் நான் பார்ப்பதும் இதைத்தான். வசதியான வீடா, ஒற்றை அறை லைன் வீடா என்பதெல்லாம் அப்புறம்.

என் வகுப்பில் ஒரு பெண் பிள்ளை, வீட்டுச் சாவியைக் கறுப்புக் கயிற்றில் கோத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வருவாள். அவள் அம்மா செக்கிங் வேலைக்குப் போகிறவர். அவர் காலையில் கிளம்பும் முன் தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் இரண்டு வரி எழுதி, சோற்றுத் தட்டை மூடியிருக்கும் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டுப் போவார். "ரசம் சின்ன சட்டில இருக்கு. கேஸ் பக்கம் போகாத சாமி. ராத்திரி எட்டே முக்காலுக்கு வருவேன்." அதற்குக் கீழே ஒரு சின்னப் படம். ஒரு நாள் பூனை, ஒரு நாள் குடை, கால் வலித்த நாளில் வீங்கின ஒரு பாதம். அந்தத் தாள்களையெல்லாம் அவள் பழைய நோட்டு ஒன்றில் சோற்றால் ஒட்டி வைத்திருக்கிறாள். ஒரு நாள் அதை எடுத்து வந்து என்னிடம் காட்டினாள். எழுத்துப் பிழைகள் நிறைய. ஒவ்வொரு தாளிலும் மறக்காமல் இருந்தது, அம்மா வரும் நேரம். எட்டே முக்கால், ஐந்தே முக்கால், ஒன்பதேகால் என்று மணியோடு. கம்பெனியில் திடீரென்று நேரம் நீண்டுவிட்டால் பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுவாராம்.

அந்தப் பிள்ளைக்குத் தனியாக இருக்கப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன். மழை பெய்து கரண்ட் போனால் பயப்படத்தான் செய்வாள். ஆனால் அம்மா எப்போது வருவார் என்பது அவளுக்குத் தெரியும். "சீக்கிரம் வந்துடறேன் கண்ணு" என்று சொல்லிவிட்டு நாம் போகிறோமே, எட்டு வயசுப் பிள்ளைக்கு அது எந்த மணி? ஆறிலிருந்தே வாசலைப் பார்க்க ஆரம்பிக்கும். மூன்று மணி நேரம் பார்க்கும். அடுத்த நாளும் அப்படியே. வருகிற நேரத்தைச் சொல்லுங்கள், சொன்ன நேரத்துக்கு வாருங்கள், முடியாவிட்டால் தகவல் சொல்லுங்கள். இந்தக் கடிதத்தில் இது ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

குடும்பமாகச் சேர்ந்து இரவு உணவு சாப்பிடுங்கள் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நல்ல யோசனைதான், உங்கள் ஷிப்டுக்குச் சரிவராது. ஒன்பதரைக்கு அம்மா வந்து சமைத்துப் பத்தரைக்குச் சாப்பிட்டால் பிள்ளை எப்போது தூங்குவது? ஆறு முதல் பன்னிரண்டு வயது வரை ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரம் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் வரையறுத்தது. பன்னிரண்டு மணிக்குப் படுத்து வரும் பிள்ளைகள் முதல் பாடவேளையிலேயே டெஸ்கில் தலையைச் சாய்த்துவிடுவதை நான் பார்க்கிறேன். தூக்கம் கெட்ட பிள்ளை சின்ன விஷயத்துக்கும் அழும், அடிக்கும். நாம் அதற்குப் 'பிடிவாதம்' என்று பெயர் வைத்துவிடுகிறோம். ஏழரைக்கே பிள்ளை சாப்பிட்டுவிடட்டும். நீங்கள் வந்ததும் பத்து நிமிஷம் பக்கத்தில் உட்காருங்கள், போதும். இரவு முடியாதென்றால் காலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, ஐந்தாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளை பள்ளியிலேயே உப்புமாவோ பொங்கலோ சாப்பிட்டுவிடுகிறது. அடுப்படியில் உங்களுக்கு மிச்சமான அந்தக் கொஞ்ச நேரத்தில் தலை பின்னிவிட்டுக்கொண்டே பேசலாம். டிவிஎஸ் ஃபிஃப்டியில் முன்னால் நிற்க வைத்து மகனைப் பள்ளியில் விட்டுப் போகும் ஓர் அப்பாவை எனக்குத் தெரியும். தினமும் கேட்டருகில் வண்டியை நிறுத்தி, "இன்னைக்கு யாரு கூட வெளயாடப் போற?" என்று கேட்பார். அவன் ஒரு பெயர் சொல்வான். மறுநாள் காலையில் அந்தப் பெயரை நினைவு வைத்திருந்து கேட்பார். முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகாது. தான் சொன்னது அப்பா மனசில் ஒரு நாள் பூரா இருந்தது என்பது அந்தப் பையனுக்குத் தெரிந்துவிடுகிறது.

வீட்டுக்கு வந்ததும் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் மார்க்காகவோ ஹோம்வொர்க்காகவோ இருந்தால், பிள்ளை உங்களிடம் சொல்லும் செய்தியும் அதோடு நின்றுபோகும். மத்தியானம் யார் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாய் என்று கேளுங்கள். சத்துணவு வரிசையில் யாரோ தள்ளிவிட்டது, டீச்சர் திட்டியது, ஒருத்தி பேசாமல் போனது எல்லாம் அந்த வழியாகத்தான் வெளியே வரும். வரும்போது உடனே நியாயம் சொல்ல வேண்டாம். "அப்படியா, உனக்குக் கஷ்டமா இருந்துச்சா?" என்பதோடு ஒரு நிமிஷம் நிறுத்துங்கள். "ஆம்பளப் பையன் அழலாமா" என்ற பேச்சைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். அழ முடியாத பையன்கள் வகுப்பில் கையை ஓங்குகிறார்கள்.

இன்னொன்று, நான் அதிகம் கவலைப்படுவது. நின்றபடியே வேலை பார்த்துவிட்டு வரும்போது உங்கள் முகத்தில் ஒன்றும் இருக்காது. களைப்பு, அவ்வளவுதான். பிள்ளைக்கு அது தெரியாது. எட்வர்ட் டிரானிக் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு சோதனை செய்தார். கைக்குழந்தையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த தாயைச் சட்டென்று எந்த உணர்ச்சியும் காட்டாமல் சில நிமிஷம் பார்க்கச் சொன்னார். குழந்தை முதலில் சிரித்துப் பார்த்தது. கையை நீட்டியது, கத்தியது. அப்புறம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழ ஆரம்பித்தது. உணர்ச்சி காட்டாத அந்த முகத்தை நம் வீடுகளில் களைப்பு ஒரு பக்கம் கொண்டுவருகிறது, கையிலிருக்கும் செல்போன் இன்னொரு பக்கம் கொண்டுவருகிறது. பள்ளி வயதுப் பிள்ளை கைக்குழந்தை மாதிரிக் கத்தாது. 'நான் ஏதோ தப்புப் பண்ணிவிட்டேன்' என்று மனசுக்குள் முடிவு கட்டிக்கொள்ளும்.

இதற்கு நீங்கள் சிரித்த முகமாக நடிக்க வேண்டியதில்லை. செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிடுங்கள்: "அம்மாவுக்கு இன்னைக்குக் கால் ரொம்ப வலிக்குது சாமி. உம்மேல கோபமில்ல. கொஞ்ச நேரம் காலை நீட்டிக்கறேன், அப்புறம் பேசலாம்." பிள்ளை அடுத்த நிமிஷமே தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும், பாருங்கள். டிரானிக் தம் ஆராய்ச்சியில் இன்னொன்றையும் கண்டார். நல்ல தாய்க்கும் குழந்தைக்கும் இடையிலேகூடப் பெரும்பாலான நேரம் ஒத்துப்போவதில்லை, விலகுவதும் மறுபடி சேர்வதுமாகவே இருக்கிறார்கள். அந்தச் சேர்தல் நடக்கிறதா என்பதுதான் முக்கியம். ஆகவே திட்டிவிட்டோமே, ஓர் அடி வைத்துவிட்டோமே என்று விடிய விடியப் புழுங்காதீர்கள். பிள்ளை தூங்குவதற்கு முன் பக்கத்தில் போய், "அம்மா அப்படிக் கத்தியிருக்கக் கூடாது" என்று சொல்லிவிடுங்கள். பெரியவர்கள் பிள்ளையிடம் இறங்கிப் பேசினால் மரியாதை போய்விடும் என்று நம் பக்கத்தில் ஒரு நினைப்பு இருக்கிறது. போகாது. அந்தப் பிள்ளை நாளைக்குத் தன் நண்பனிடம் மன்னிப்புக் கேட்கக் கற்றுக்கொள்ளும்.

இனி சனிக்கிழமை. இதை எழுதாமல் இருக்க முடியாது. சம்பளம் வாங்கும் அந்த மாலைக்காகத் திருப்பூரே காத்திருக்கிறது. சில வீடுகளில் பிள்ளைகள் பரோட்டாவுக்கும் புது ரிப்பனுக்கும் காத்திருக்கிறார்கள். சில வீடுகளில் அப்பா எந்த நிலைமையில் வருவார் என்று வண்டிச் சத்தத்தைக் காதால் அளந்துகொண்டு காத்திருக்கிறார்கள். எந்த வீட்டில் எது நடந்தது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டியதில்லை. திங்கட்கிழமை காலை பிள்ளைகள் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அண்ணன்மார்களே, உங்கள் உடம்பு வலியும் கடன் நெருக்கடியும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் சொல்கிறேன்: வாரத்தில் ஆறு நாள் நீங்கள் நல்ல அப்பாவாக இருந்தாலும், ஏழாவது நாள் எப்படி இருப்பீர்கள் என்று தெரியாத பிள்ளை ஆறு நாளும் பயத்தில்தான் இருக்கிறது. நிலையான வழக்கம் பிள்ளைக்குத் தரும் தைரியம் முழுவதையும் அந்த ஒரு ராத்திரி பறித்துவிடுகிறது. குடியை விடுவது ஒருவர் தனியாகச் செய்யக்கூடிய காரியம் இல்லை. அரசு ஆஸ்பத்திரியில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

பணக் கஷ்டத்தைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் மறைத்துவிடலாம் என்றும் நினைக்காதீர்கள். 2022-இல் நூல் விலை ஏறிக் கம்பெனிகள் வேலையைக் குறைத்தபோதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இறக்குமதி வரியை 50 சதவீதமாக்கியபோதும் வீடுகளில் இரவில் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. ஒற்றை அறை வீட்டில் பிள்ளை போர்வைக்குள் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கும். அரைகுறையாகக் கேட்டதை வைத்து அது கட்டிக்கொள்ளும் கதை உண்மையைவிடப் பயங்கரமானது. பள்ளியை விட்டு நிறுத்திவிடுவார்களா, ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களா என்று கேட்டு வந்த பிள்ளைகள் உண்டு. அதன் வயசுக்குத் தக்கபடி நீங்களே சொல்லிவிடுங்கள்: "இந்த மாசம் வேலை கம்மி. புதுச் சட்டை அப்புறம் எடுக்கலாம். ஸ்கூல், சாப்பாடு ஒண்ணும் மாறாது."

இதோடு ஒட்டிய, எனக்கு மிகவும் பிடித்த ஒரு வழக்கம், பிள்ளைகளுக்குக் குடும்பக் கதை சொல்வது. உங்களில் பலர் தேனி, திண்டுக்கல், மதுரை, ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தவர்கள். ஏன் ஊரை விட்டு வந்தீர்கள், முதல் வாரம் எங்கே தங்கினீர்கள், யார் உங்களைக் கம்பெனியில் சேர்த்துவிட்டார், முதல் சம்பளத்தில் என்ன வாங்கினீர்கள் என்றெல்லாம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கேட்டுப் பார்த்தால் பெரும்பாலான பிள்ளைகள் விழிக்கிறார்கள். அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரு உளவியலாளர்கள் 20 கேள்விகளை வைத்துக்கொண்டு, தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், அப்பாவும் அம்மாவும் எப்படிச் சந்தித்தார்கள், குடும்பத்துக்கு வந்த கஷ்டம் என்ன என்று பிள்ளைகளிடம் கேட்டார்கள். அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பு அதிகமாக இருந்தது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பிறகு அதே குடும்பங்களை மறுபடி பார்த்தபோது, குடும்பக் கதை தெரிந்த பிள்ளைகள் அந்த அதிர்ச்சியையும் மற்றவர்களைவிட நன்றாகத் தாங்கியிருந்தார்கள்.

கதை சொல்லும்போது பட்ட கஷ்டத்தோடு நிறுத்திவிடாதீர்கள். கிணறு வற்றியது, மாட்டை விற்றோம் என்பதோடு, அப்புறம் எப்படி எழுந்தோம், யார் கை கொடுத்தார்கள் என்பதும் வர வேண்டும். துணி துவைக்கும்போதும் வெங்காயம் உரிக்கும்போதும் சொல்லலாம், தனி நேரம் தேவையில்லை. நாமும் விழுந்து எழுந்த குடும்பம்தான் என்று தெரிந்த பிள்ளை, கணக்கில் ஒரு முறை தோற்றுப்போனால் அதோடு எல்லாம் முடிந்தது என்று நினைக்காது.

ஒடிசா, பீகார், ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பங்கள் இதைத் தமிழில் படிக்க முடியாது. பக்கத்து மெஷினில் உட்காரும் நீங்கள் அவர்களிடம் சொல்லுங்கள்: வீட்டில் பிள்ளையோடு சொந்த மொழியிலேயே பேசட்டும், அந்த மொழியிலேயே தாலாட்டும் கதையும் சொல்லட்டும். தமிழை நாங்களும் விளையாட்டு மைதானமும் பார்த்துக்கொள்கிறோம்.

பாட்டிமார்களுக்கும் லைன் வீட்டு அக்காமார்களுக்கும் இந்தக் கடிதத்தில் பங்கு உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒன்றான கவாயில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து பார்த்தார். வறுமை, சண்டை, பெற்றோரின் குடி என்று பல தொல்லைகள் சூழ்ந்த வீடுகளில் பிறந்தும் மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் நல்ல மனுஷர்களாக, தைரியமானவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் அன்போடு நிலையாக நின்ற பெரியவர் ஒருவராவது இருந்தார். அது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. தாத்தா பாட்டியாகவோ அக்கம்பக்கத்தாராகவோ இருந்தது. உங்கள் பிள்ளைக்கு அந்த ஒருவர் யார் என்று நீங்களே முடிவு செய்து, அவரிடமும் கேட்டு, பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள். 'பயமா இருந்தா, பசிச்சா, யாராவது ஏதாவது பண்ணினா நேரா மூணாவது வீட்டுப் பாட்டிகிட்டப் போ' என்பது பிள்ளைக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியாக இருக்கும் பிள்ளையின் துணைக்குச் செல்போனை மட்டும் கொடுத்துவிட்டுப் போவது வேண்டவே வேண்டாம். அது பிள்ளையைச் சத்தமில்லாமல் வைத்திருக்கும், பார்த்துக்கொள்ளாது.

இத்தனை செய்தும் சில பிள்ளைகள் வாடும். தினமும் காலையில் வயிற்று வலி என்பது, நின்றுபோன படுக்கை நனைத்தல் மறுபடி வருவது, விளையாடப் போகாமல் மூலையில் உட்காருவது, ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டால் ஒளிவது, செத்துப்போகலாம் என்று பேசுவது, இவற்றில் எதையும் 'சின்னப் பிள்ளைதானே' என்று தள்ளிவிடாதீர்கள். மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்கிறது உலக சுகாதார நிறுவனம். டெலி மானஸ் என்ற மனநல உதவி எண் 14416, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டுக்கும் காசு இல்லை. வகுப்பாசிரியரிடமும் சொல்லுங்கள்.

கம்பெனி நிர்வாகத்தாருக்கும் சூப்பர்வைசர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் காப்பகம் வேண்டும் என்றது. பள்ளிக்குப் போய் வீட்டுக்குத் திரும்பும் பிள்ளை அந்தக் கணக்கில் வரவில்லை. நாலரையிலிருந்து ஐந்துக்குள் ஒரு மூன்று நிமிஷம், பிள்ளை பத்திரமாக வீட்டுக்கு வந்துவிட்டதா என்று போனில் கேட்க அம்மாக்களை விடுங்கள். செல்போனை கேட்டில் வாங்கி வைக்கும் கம்பெனிகளில் ஆபீஸ் போனையாவது கொடுங்கள். ஒன்றரை ஷிப்ட் உண்டா இல்லையா என்பதை மாலை ஐந்து மணிக்குச் சொல்லாமல் காலையிலேயே சொல்லிவிட்டால், எத்தனையோ வீடுகளில் பிள்ளைக்குச் சரியான நேரத்தைச் சொல்லிவிட்டுக் கிளம்ப முடியும்.

அக்கா, அண்ணா, இவ்வளவையும் நாளைக்கே செய்ய வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்து, தினமும் நாம் சேர்ந்து செய்ய என்ன வேண்டும் என்று அதனிடமே கேளுங்கள். அது சொல்லும் ஒன்றைத் திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பியுங்கள். அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு வரும்போது மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அது என்ன கேட்டது என்று என்னிடம் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் பிள்ளைகளின் டீச்சர்
திருப்பூர்